பொன்னேரி சவுக்கு, கும்மிடிப்பூண்டி ப்ளைவுட்: மரப் பொருளின் கார்பன் கணக்கு எங்கே தப்பாகிறது?

சென்னையிலிருந்து ஜி.என்.டி சாலையில் கவரைப்பேட்டை பக்கம் போனால் இரண்டு விதமான லாரிகளைப் பார்க்கலாம். ஒன்றில் சவுக்குக் கட்டை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். இன்னொன்றில் கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் இருந்து வரும் இரும்புக் கம்பி. இரண்டுமே கடைசியில் ஏதோ ஒரு கட்டிட வேலைக்குத்தான் போகின்றன.

இதில் எது பூமிக்கு நல்லது? ‘மரத்தை வெட்டுறது பாவம், இரும்பே மேல்’ என்று சிலர் சொல்வார்கள். ‘மரம் இயற்கையானது, அதில் கார்பனே கிடையாது’ என்று விளம்பரம் சொல்லும். இரண்டுமே அரைகுறை உண்மை. ஒரு மரப் பொருளின் கார்பன் தடத்தைச் சொல்ல, மரம் திரும்ப வளர எத்தனை வருஷம், அந்தப் பொருள் அழியாமல் நிற்கப்போவது எத்தனை வருஷம் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பெரும்பாலான தப்புக் கணக்குகள் இதில் ஒன்றைக் கேட்காமல் விடுவதால் வருபவை.

அது என்ன கார்பன் தடம்?

ஒரு பொருள் உருவாகி, பயன்பட்டு, குப்பையாகும் வரை எவ்வளவு கரியமில வாயுவும் மற்ற வெப்ப வாயுக்களும் வெளியேறின என்ற மொத்தக் கணக்குதான் கார்பன் தடம். வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று இதைச் சொல்வார்கள். எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ 14040, 14044 என்ற பொது விதிகளும், கார்பனுக்கு மட்டும் ஐ.எஸ்.ஓ 14067-ம் இருக்கின்றன.

இரும்பு, சிமெண்ட் விஷயத்தில் இது ஒருவழிப் பாதை. வெளியேறியதைக் கூட்டினால் வேலை முடிந்தது. மரம் அப்படியில்லை. அது வளரும்போதே காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து உடம்பில் சேர்த்து வைக்கிறது. எரித்தாலோ மக்கினாலோ அதே வாயு திரும்ப வெளியே போகிறது. அதனால் மரத்தின் கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. வரவை மட்டும் காட்டி செலவை மறைக்க இடமும் உண்டு.

சவுக்குத் தோப்பில் தொடங்கும் கணக்கு

காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் காற்றில் கலந்தால் 3.67 கிலோ கரியமில வாயு ஆகும். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ காய்ந்த மரத்துக்குள் சுமார் 1.83 கிலோ கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் மணல் பாங்கான நிலத்தில் சவுக்கு பழைய பயிர். ஆனால் இந்த ஊர் மரம் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியக் கரைகளைச் சேர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணக் கடற்கரையில் இதைப் பெரிய அளவில் நட்டதற்கு முக்கியக் காரணம் ரயில் எஞ்சினுக்கு விறகு. கடல் நீர் நிலத்தடியில் புகுந்துவிட்ட மீஞ்சூர் வட்டாரத்தில் மற்ற பயிர் தடுமாறும்போதும் சவுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

முன்பு ஐந்து, ஆறு வருஷம் நின்ற மரத்தை இப்போது மூன்று, நான்கு வருஷத்தில் வெட்டுகிறார்கள். கோவையில் இருக்கும் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட குளோன் ரகங்கள் அதற்கு ஒரு காரணம்.

ஒரு ஏக்கரில் 40 டன் பச்சை மரம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பாதி தண்ணீர் என்று கழித்தால் காய்ந்த மரம் 20 டன், அதில் கார்பன் 10 டன். அதாவது சுமார் 37 டன் கரியமில வாயு நான்கு வருஷத்தில் காற்றில் இருந்து மரத்துக்குள் வந்திருக்கிறது.

செலவுப் பக்கமும் பார்க்கணும். உழவுக்கும் மோட்டாருக்கும் டீசல், மின்சாரம். அப்புறம் உரம். யூரியா போட்ட மண்ணில் இருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். கரியமில வாயுவை விட அது பூமியைச் சூடாக்குவது சுமார் 270 மடங்கு அதிகம். சவுக்குக்கு இங்கே ஒரு அனுகூலம் உண்டு. அதன் வேர் முடிச்சில் வாழும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றில் இருக்கும் நைட்ரஜனை மரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் யூரியா தேவை குறைவு.

ஒரு பாதகமும் உண்டு. நம்மூர் சவுக்கு வெட்டிய கட்டையில் இருந்து யூகலிப்டஸ் போல நன்றாகத் துளிர்க்காது. ஒவ்வொரு முறையும் புதுக் கன்று நடணும். பல இடங்களில் வேர்க்கட்டையையும் தோண்டி விறகுக்கு விற்றுவிடுகிறார்கள். மண்ணுக்கு அடியில் தங்கியிருக்க வேண்டிய கார்பனும் அதோடு அடுப்புக்குப் போகிறது. விவசாயிக்கு அது கைக்காசு. ஆனால் ‘மரம் நட்டால் மண்ணிலும் கார்பன் சேரும்’ என்ற பேச்சு அந்த வயலுக்குப் பொருந்தாது.

லாரியா பெரிய குற்றவாளி?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. பொன்னேரியில் இருந்து கரூர் காகிதபுரம் வரை சுமார் 400 கி.மீ. 16 டன் ஏற்றிய லாரி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் போக 100 லிட்டர். காலியாகத் திரும்ப 80 லிட்டர். மொத்தம் சுமார் 480 கிலோ கரியமில வாயு, டன்னுக்கு 30 கிலோ. அந்த ஒரு டன் பச்சை மரத்துக்குள் இருப்பதோ சுமார் 917 கிலோ. அதில் லாரியின் பங்கு 3 சதவீதம் சொச்சம்தான். அதே மரம் 30 கி.மீ. தூரத்து ஆலைக்குப் போனால் டன்னுக்கு 2 கிலோவைக் கொஞ்சம் தாண்டும்.

ஆக, ‘உள்ளூர் மரம்’ என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது மட்டும் கணக்கை மாற்றிவிடாது. ஆலைக்குள் என்ன நடக்கிறது, ஆலையை விட்டு என்னவாக வெளியே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆலைக்குள்: பசையும் நீராவியும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ப்ளைவுட் தயாரிப்பு பல ஆண்டுகளாக நடக்கிறது. செஞ்சுரி ப்ளைபோர்ட்ஸ் நிறுவனத்தின் ப்ளைவுட் ஆலை இங்கே இருக்கிறது. அதே நிறுவனம் தேர்வாய் கண்டிகையில் துகள் பலகை ஆலையையும் அமைத்திருக்கிறது. ரெடிமேட் கட்டில், அலமாரி, மாடுலர் கிச்சன் எல்லாம் பெரும்பாலும் இந்தத் துகள் பலகையிலோ எம்.டி.எஃப் பலகையிலோ செய்யப்படுபவை.

இந்தத் தொழிலுக்கு விவசாயியின் தோட்டத்து மரம் ஏன் முக்கியமானது? 1988 தேசிய வனக் கொள்கை, ஆலைகள் காட்டை நம்பாமல் விவசாய நிலத்து மரத்தை வாங்க வேண்டும் என்றது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு காட்டு மரம் வெட்டுவதை இறுக்கியது. 2014-இல் மியான்மர் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்தியதும் ப்ளைவுட்டின் மேல்தாளுக்கு வந்துகொண்டிருந்த குர்ஜன் மரமும் சுருங்கியது. மேல்தாள் இப்போதும் பெரும்பாலும் வெளிநாட்டு மரம்தான். நடுவில் இருக்கும் அடுக்குகள் யூகலிப்டஸ், மலைவேம்பு மாதிரி தோட்டத்து மரங்கள்.

இந்த மேல்தாள் மெல்லியது, எடையில் சின்னப் பங்குதான். ஆனால் அது வெப்பமண்டலக் காட்டில் இருந்து வந்ததா, நட்டு வளர்த்த தோப்பில் இருந்து வந்ததா என்பதில் ஒட்டுமொத்தக் கணக்கே புரளலாம். நூறு வருஷக் காட்டு மரம் போன இடத்தில் அதே அளவு கார்பன் திரும்பச் சேர இன்னொரு நூறு வருஷம் ஆகும்.

ஆலைக்குள் இரண்டு பெரிய செலவு. முதலாவது உலர்த்துவது. சீவிய தாளிலும் துகளிலும் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கணும், பிறகு சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தணும். இந்த நீராவிக்கு ஆலைகள் பெரும்பாலும் தங்கள் கழிவு மரத்தையே எரிக்கின்றன. மோட்டார்களுக்கு மின்சாரம். நம்ம நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, ஏனென்றால் பாதிக்கு மேல் நிலக்கரி.

இரண்டாவது பசை. துகள் பலகையின் எடையில் சுமார் 8 முதல் 10 சதவீதம் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின். தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டுக்கு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு. ஃபீனால் பெட்ரோலியத்தில் இருந்து வருகிறது. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரியில் தொடங்குபவை. ‘முழுக்க மரம்’ என்று நினைக்கும் அலமாரிக்குள் கொஞ்சம் எண்ணெய்க் கிணறும் இருக்கிறது.

மைனஸில் வரும் எண், கவனம்!

சில மரப் பலகைகளின் சுற்றுச்சூழல் அறிக்கையைத் திறந்தால் கார்பன் தடம் மைனஸில் இருக்கும். ‘கார்பன் நெகட்டிவ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பொய்யா? பொய் இல்லை. பாதிக் கதை.

இந்தக் கணக்கை இரண்டு இடத்தில் நிறுத்தலாம். ஆலை வாசலில் நிறுத்தினால் மரம் இழுத்துக்கொண்ட வரவு முழுதும் தெரியும், பலகை எரிக்கப்படும்போதோ மக்கும்போதோ வரும் செலவு தெரியாது. கடைசி வரை போனால் உள்ளே போனது அத்தனையும் வெளியே வந்ததாக எழுதணும். கட்டுமானப் பொருட்களுக்கான இ.என் 15804 என்ற ஐரோப்பியத் தரவிதி இதைத்தான் கேட்கிறது: உள்ளே வரும்போது மைனஸ் ஒன்று, வெளியே போகும்போது பிளஸ் ஒன்று. 2019-இல் அதைத் திருத்தியபோது, பொருளின் இறுதிக் கட்டத்தையும் பொதுவாகக் காட்டியே ஆக வேண்டும் என்று இறுக்கினார்கள்.

அப்படியானால் கடைசியில் பூஜ்யம்தானே, மரத்தால் என்ன லாபம்? லாபம் காலத்தில் இருக்கிறது. ஐ.பி.சி.சி எனப்படும் ஐ.நா. பருவநிலைக் குழு, நாடுகள் தங்கள் கணக்கை எழுத ஒரு பொது அளவு கொடுத்திருக்கிறது. காகிதத்தில் இருக்கும் கார்பனில் பாதி 2 ஆண்டில் வெளியேறிவிடும். ப்ளைவுட், துகள் பலகை மாதிரி பலகைகளுக்கு அது 25 ஆண்டு. அறுத்த மரத்துக்கு 35 ஆண்டு. விறகுக்கு ஆண்டே இல்லை, வெட்டிய உடனே வெளியேறியதாகத்தான் எழுதணும்.

இப்போது பொன்னேரி தோப்புக்குத் திரும்பலாம். ஒரே தோப்பு, ஒரே வெட்டு. தடித்த அடிக்கட்டை பலகையானால் அதன் கார்பன் கால் நூற்றாண்டு சுவருக்குள் தூங்கும். காகிதக் கூழானால் இரண்டு வருஷம். மிளார் கட்டு டீக்கடை அடுப்புக்குப் போனால் அன்றைக்கே முடிந்தது. மரம் திரும்ப வளர நான்கு வருஷம் என்றால் 25 வருஷம் நிற்கும் பலகை ஒன்று குப்பையாவதற்குள் அதே நிலத்தில் ஆறு முறை அறுவடை முடிந்திருக்கும்.

ஆனால் ஒரு ‘ஆனால்’ உண்டு. அந்த 25 ஆண்டு சராசரி அளவு. மழையில் ஊறி மூன்றே வருஷத்தில் உப்பி, தெருவுக்கு வந்த துகள் பலகைக் கட்டிலுக்கு அது பொருந்தாது.

சாரத்துக்கு சவுக்கா, இரும்புக் குழாயா?

நகரத்தில் இப்போது இரும்புக் குழாய் சாரம் அதிகம். சவுக்குச் சாரம் சின்ன வீடுகளுக்கும் வெள்ளையடிக்கவும்தான் என்றாகிவிட்டது.

6 மீட்டர் நீளமுள்ள சாரக் குழாய் ஒன்று சுமார் 21 கிலோ. இந்திய இரும்பு உற்பத்தியின் சராசரி, டன்னுக்கு சுமார் 2.5 டன் கரியமில வாயு. அப்படியானால் ஒரு குழாய்க்கு சுமார் 53 கிலோ. அதே நீளத்துக்கு சவுக்குக் கம்பில் காய்ந்த எடை 15 கிலோ என்றால் 27 கிலோ கரியமில வாயு உள்ளே அடைபட்டிருக்கும். மரம் ஜெயித்துவிட்டதா?

அவசரப்படக் கூடாது. சவுக்குக் கம்பு வெயிலிலும் மழையிலும் சில வேலைகளுக்குத் தாங்கும், பிறகு விறகு. குழாய் ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து, பதினைந்து வருஷம் உழைக்கும். ஒரு கம்பு, ஒரு குழாய் என்று ஒப்பிடுவதே தப்பு. ‘ஒரு கட்டிடத்துக்கு சாரம் கட்ட எவ்வளவு’ என்று கேட்கணும். ஆய்வாளர்கள் இதைச் செயல்பாட்டு அலகு என்பார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே பல ஆலைகள் பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்குபவை. ஒரு டன் உருக்க சுமார் 600 யூனிட் மின்சாரம் என்றால் உருக்குவதற்கு மட்டும் 420 கிலோ கரியமில வாயு. அதன்பின் உருட்டும் செலவு தனி, ஸ்பாஞ்ச் அயர்ன் கலந்தால் அதற்கும் தனி. இருந்தாலும் சுரங்கத்துத் தாதுவில் இருந்து எடுக்கும் இரும்பைவிடக் குறைவு. மறுசுழற்சி இரும்பில் செய்த குழாய், நூறு முறை கட்டி அவிழ்த்தால், சவுக்கை முந்தவும் வாய்ப்பு இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க மட்டும் சாரம் தேவைப்படும் இடத்தில் சவுக்குதான் சரி.

தொழிற்பேட்டையின் பேலட்கள்

சிப்காட்டில் யார் கண்ணிலும் படாமல் அதிகமாகச் சுற்றிவரும் மரப் பொருள் பேலட். ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதற்காகச் சரக்குக்கு அடியில் வைக்கும் மரத் தட்டு. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள் வழியாக வெளிநாடு போகும் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருப்பதைப் பார்க்கலாம். பூச்சியோ புழுவோ கூடப் போகக் கூடாது என்பதற்காக ஐ.எஸ்.பி.எம் 15 என்ற சர்வதேச விதி போட்ட முத்திரை அது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்கணும். பக்கத்தில் ‘எச்.டி’ என்று இருந்தால் சூடேற்றியது, ‘எம்.பி’ என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. இந்தப் புகை ஓசோன் படலத்தை அரிக்கும்.

பேலட்டின் கார்பன் கணக்கில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது ஆணியும் சுத்தியலும். உடைந்த பலகையை மட்டும் மாற்றி, திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒரு பயணத்துக்கு ஆகும் கார்பன் மளமளவென்று குறையும். ஒரே பயணத்தில் தூக்கிப் போட்டால் அது விலை அதிகமான விறகு, அவ்வளவுதான்.

விறகு ‘பூஜ்யம்’ என்பது உண்மையா?

மேலை நாட்டு ஆய்வுகளில் மரப் பொருள் கடைசியில் குப்பை மேட்டுக்குப் போகும். அங்கே காற்றில்லாமல் மக்கினால் மீத்தேன் வரும். நூறு ஆண்டு அளவில் அது கரியமில வாயுவை விட சுமார் 28 மடங்கு கடுமை. நம்ம ஊரில் மரம் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வதே அபூர்வம். யாராவது பொறுக்கி எடுத்து எரித்துவிடுவார்கள். அதனால் இங்கே இறுதிக் கட்டம் என்றால் பெரும்பாலும் அடுப்பு, செங்கல் சூளை, பாய்லர். பிசின் கலந்த பலகையைத் திறந்தவெளியில் எரிப்பதில் வரும் நச்சுப் புகை வேறு பிரச்சினை.

ஆலைகள் நிலக்கரியில் இருந்து விறகுக்கு மாறினால் ‘கார்பன் பூஜ்யம்’ என்று எழுதுவது வழக்கம். புகைபோக்கியில் நின்று அளந்தால் படம் மாறும். ஒரே அளவு வெப்பம், 1 கிகா ஜூல், கிடைக்க விறகு சுமார் 112 கிலோ கரியமில வாயு விடுகிறது. நிலக்கரி சுமார் 95, ஃபர்னஸ் ஆயில் சுமார் 77. விறகுதான் அதிகம்! அது பூஜ்யமாக எழுதப்படுவதற்கு ஒரே காரணம், அந்த மரம் திரும்ப வளரும் என்ற நம்பிக்கை. நான்கு வருஷ சவுக்கு என்றால் கடன் நான்கு வருஷத்தில் அடையும். சாலையோரப் புளியமரம் என்றால் பேரன் காலம் ஆகலாம். உலகளவில் நிறுவனங்கள் பின்பற்றும் ஜி.எச்.ஜி புரோட்டோகால் விதியும் விறகின் கரியமில வாயுவை மறைக்கச் சொல்லவில்லை, தனி வரியாகக் காட்டச் சொல்கிறது.

விவசாயிக்கு கார்பன் காசு வருமா?

‘நாங்க மரம் வளர்க்கிறோம், எங்களுக்கு கார்பன் கிரெடிட் கிடைக்குமா’ என்ற கேள்விக்கு எளிதான பதில் இல்லை. மத்திய அரசு 2023-இல் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் உலகில் எந்தக் கிரெடிட் முறையும் முதலில் கேட்பது, இது கூடுதலாக நடந்ததா என்பதைத்தான். தாத்தா காலத்தில் இருந்து சவுக்கு நிற்கும் நிலத்தில் இன்றைக்கும் சவுக்கு நட்டால் புதிதாக எதுவும் சேரவில்லை என்றுதான் எழுதுவார்கள். நேற்று வரை தரிசாகக் கிடந்த நிலத்தில் நட்டவருக்கு வாய்ப்பு உண்டு. அப்போதும் அறுவடை நாளின் 37 டன் கணக்கில் வராது. நட்டது முதல் வெட்டுவது வரை சராசரியாக எவ்வளவு நின்றது என்று பார்ப்பார்கள். மூன்று, நான்கு வருஷப் பயிரில் அது பாதியோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்.

தலைமுறையாக மரம் வளர்த்தவருக்கு எதுவும் இல்லை, புதிதாகத் தொடங்கியவருக்கு மட்டும் பணம் என்றால் கோபம் வருவது நியாயம்தான். அதே நேரம், அந்தப் பழைய தோப்பு மனைப்பிரிவாகிவிட்டால் நிற்கும் கார்பன் மொத்தமும் போய்விடும் என்பதும் உண்மை. அப்படிப் போகாமல் காப்பாற்றி வைப்பதற்கு இந்த முறைகளில் சவுக்கு விவசாயிக்கு வழி இல்லை.

ஐரோப்பா கேட்கப்போகும் சர்வே எண்

இதற்கிடையே வேறொரு பக்கம் இருந்து அழுத்தம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடை விதி, மரம், ப்ளைவுட், காகிதம், ஃபர்னிச்சர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த மரம் உள்ளே வரக் கூடாது. எந்த நிலத்தில் வெட்டியது என்று வரைபடப் புள்ளியோடு காட்டணும். அமலாகும் தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், விதி போய்விடவில்லை. சரக்கைத் தாங்கிப் போகும் பேலட்டுக்கு விலக்கு உண்டு, பேலட்டையே சரக்காக விற்றால் விலக்கு கிடையாது.

பெரிய தோட்டம் வைத்திருப்பவருக்கு இது ஒரு நாள் வேலை. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று நான்கைந்து பேர் தோட்டத்துக் கட்டையை ஒரே லாரியில் ஏற்றும் வியாபாரி, எந்தக் கட்டை எந்த சர்வே எண் என்று எப்படிப் பிரிப்பார்? இத்தனைக்கும் அந்த விதி மரம் எங்கே நின்றது என்றுதான் கேட்கிறது. எத்தனை கிலோ கரியமில வாயு, பலகை எத்தனை வருஷம் நிற்கும் என்று அது இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.